மணல் மதகு

ஹொனோலெவா பள்ளத்தாக்கு
11 பிப்ரவரி 1934

ஏனோக்கா அண்ணாவுக்கு, லிலினோயின் அலோஹா.

இங்கே நான், உன் மச்சான் மோக்கே, இரண்டு பன்றிகள், எல்லோரும் சுகம். மழை வருவதற்கு முன்னால்தான் இடுப்பு வலிக்கும் என்பார் மோக்கே. இப்போது வலி மட்டும் வருகிறது, மழையைக் காணோம். எமாலியா அண்ணிக்கு இருமல் எப்படி இருக்கிறது? லாஹெலா பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா?

ஒரு செய்தி சொன்னால் சிரிப்பாய். என்னை நீர்க்கட்டி ஆக்கிவிட்டார்கள். இதுவரை அந்த வேலையைப் பார்த்த கபேலா மாமா மகனோடு ஹொனலுலு போய்விட்டார். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஆள் வேண்டுமே! போன ஞாயிறு கோயில் முடிந்ததும் ஒன்பது வீட்டுக்காரர்களும் ஈரப்பலா மரத்தடியில் கூடினோம். மோக்கே பெயரைச் சொன்னார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிலிப்போ பெயரைச் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி கலூவாவே எழுந்து, "இவர் கையில மடையைக் குடுத்தா முதல்ல அடிதடி பாயும், அப்புறம்தான் தண்ணி பாயும்" என்றாள். கடைசியில் ஆ லூனைக் கேட்டார்கள். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "நான் அடைச்சா சீனாக்காரன் அடைச்சிட்டான்னு சொல்லுவீங்க. லிலினோய் அடைச்சா லிலினோய் அடைச்சிட்டான்னுதான் சொல்லுவீங்க. அவளே இருக்கட்டும்" என்றார். அதோடு முடிந்தது.

சிரித்தது போதும். ஓடையில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. மழை குறைவுதான், ஆனாலும் இந்த அளவுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. கரும்புக் கம்பெனி மலையில் ஏதோ கட்டியிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். நீ கம்பெனியின் சாமான் அறையில்தானே இருக்கிறாய்? வருகிறவர் போகிறவரிடம் காதைக் கொடுத்துக் கேட்டு எழுது.

கருவாடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
லிலினோய்

*

ஐந்தாம் எண் குடியிருப்பு
4 மார்ச் 1934

தங்கச்சி லிலினோய்க்கு அண்ணன் எழுதுவது.

கருவாடு வந்தது. லாஹெலா ஒரே நாளில் பாதியைத் தின்றுவிட்டாள். எமாலியாவுக்கு இருமல் விட்டு விட்டு வருகிறது. கம்பெனி டாக்டர் பார்க்கிறார். எனக்கும் கொஞ்சம் சளி, மற்றபடி குறையில்லை.

நீ நீர்க்கட்டி ஆனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கவனமாக இரு. ஊருக்கு நல்லது செய்யப் போய் ஊரே பகையாகிற வேலை அது.

தண்ணீர் விஷயம் எனக்கு என்ன தெரியும்? ஆணியும் மண்வெட்டியும் எடுத்துக் கொடுக்கிறவன் நான். மழை குறைவு, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வாய்க்கால் தலைப்பில் அப்பா கோடு போட்ட கல் இருக்கிறதே, அதில் இப்போது தண்ணீர் எத்தனை விரல் நிற்கிறது? காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை கூடுகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனோக்கா

*

ஹொனோலெவா
29 மார்ச் 1934

அண்ணாவுக்கு அலோஹா. உன் சளி போய்விட்டதா? இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி. நாங்கள் இருக்கிறோம்.

நீ கேட்டாய் என்று பத்து நாள் கல்லைப் பார்த்தேன். அப்பா கோட்டுக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டிய தண்ணீர், கோட்டுக்குக் கீழே ஏழு விரல் இறங்கிவிட்டது. காலையிலும் மாலையிலும் ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு விரல் கூடுகிறது. அது உனக்கு எப்படித் தெரியும் அண்ணா? நானே நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

முறையைச் சுருக்கிவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு பகல் என்று இருந்தது. இப்போது அரைப் பகல். சேம்பு வயலில் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கினால் வெயிலில் சூடேறிக் கிழங்கு அழுகிவிடும் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? கடைமடை வயல் பிலிப்போவுடையது. அதில் அழுகல் தொடங்கிவிட்டது. பிடுங்கினால் மேலே தண்டு பச்சையாக இருக்கிறது, கிழங்கு கையோடு குழைந்து வருகிறது.

போன சனிக்கிழமை வாய்க்கால் தூர் வாரினோம். பிலிப்போ வரவில்லை. வேலைக்கு வராத வீட்டுக்கு அந்த வாரம் தண்ணீர் இல்லை என்பது நம் தாத்தா காலத்து வழக்கம். திங்கட்கிழமை அவன் மடையை நான் அடைத்தேன். ஓடி வந்தான்.

"அக்கா, சின்னவளுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளா கலூவாவும் நானும் மாறி மாறி மடியில வெச்சிருக்கோம். அதான் வரல."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேடா."

"யாருகிட்ட சொல்லி அனுப்ப? எல்லாரும் வாய்க்கால்லதான நின்னீங்க?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் மேல் வயல்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு விட்டால் நாளைக்கு வீட்டுக்கு வீடு காய்ச்சல் வரும். நான் மடையைத் திறக்கவில்லை. அவன் வயலில் இறங்கி, அழுகாத செடிகளைக் கூடையில் பிடுங்கிப் போட ஆரம்பித்தான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கடைசியில் ஆ லூன் வந்து, "என் முறையில பாதியை அவனுக்கு விடு தங்கச்சி. எனக்கு இன்னிக்குக் கால் வலி, வயலுக்குப் போகல" என்றார். காலையில் அவர் முழங்கால் சேற்றில் நின்றதை நான் பார்த்தேன்.

உன் கடிதத்தில் மை கலைந்து பாதி எழுத்து தெரியவில்லை. தாள் ஈரமாக இருந்தது. அங்கே மழையா? உங்கள் பக்கம் மூன்று மாதமாகப் புழுதி பறக்கிறது என்று தபால் கொண்டுவருகிறவர் சொன்னாரே.

லிலினோய்

*

ஐந்தாம் எண் குடியிருப்பு
22 ஏப்ரல் 1934

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். பிலிப்போவின் சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கியதா? மோக்கேயின் இடுப்புக்கு எமாலியா ஒரு தைலம் கொடுத்திருக்கிறாள், சூடு செய்து தடவச் சொல்.

லாஹெலா தண்ணீரைத் தட்டிவிட்டாள், அதுதான் மை கலைந்தது. இங்கே மழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. அதனால் கேட்டேன். வேறொன்றுமில்லை.

நான் சொல்வதைக் கேள். அந்த நீர்க்கட்டி வேலையை விட்டுவிடு. பிலிப்போவுக்குத் தண்ணீர் விடு, சட்டம் பேசாதே. இன்னொன்று, யாரும் மலைக்கு ஏறி வர வேண்டாம். மேலே எல்லாம் கம்பெனி நிலம். பலகை நட்டிருக்கிறார்கள், போலீஸ் வரும். நீயாவது போகாதே. மோக்கேயையும் விடாதே. எனக்காக.

உப்பு மீன் இரண்டு டப்பா அனுப்புகிறேன்.

ஏனோக்கா

*

ஹொனோலெவா
20 மே 1934

அண்ணா,

சுகமா? நீ 'எனக்காக' என்று இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. மோக்கேயிடம் படித்துக் காட்டினேன். "மச்சான் ஏன் இப்படிப் பயப்படறார்?" என்று கேட்டார். நீயே சொல்.

பிலிப்போவின் மகள் பிழைத்துக்கொண்டாள். வயல் பிழைக்கவில்லை. இரண்டு வீடுகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. வீடு ஏழானதும் முறை கொஞ்சம் நீளும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அன்றைக்கே வெட்கப்பட்டேன். முறையும் நீளவில்லை. வீடு குறையும் வேகத்தைவிடத் தண்ணீர் வேகமாகக் குறைகிறது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினோம். ஒரு அதிகாரி வந்தார். பளபளவென்று சப்பாத்து போட்டிருந்தார், வரப்பில் இறங்கவே இல்லை. வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஓடுதே" என்றார். ஆ லூன், "ஓடுது ஐயா. எங்களை விட்டுத்தான் ஓடுது" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே எடுக்கிறவருக்கு எடுக்க உரிமைப் பத்திரம் இருக்கிறதாம். எங்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது என்று கேட்டார். வாய்க்காலைக் காட்டினோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த வாரம் நாலு பேர் மேலே போய்ப் பார்ப்பதாக முடிவு. பிலிப்போ, ஆ லூன், கலூவாவின் தம்பி, நான். நீர்க்கட்டி நான், நான் போகாமல் எப்படி? நீ வேண்டாம் என்றாய். ஆனால் யாராவது ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

லிலினோய்

*

ஹொனோலெவா
3 ஜூன் 1934

அண்ணா,

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை.

போய் வந்தோம். ஓடைக் கற்களிலேயே கால் வைத்து ஐந்து மணி நேரம் ஏறினோம். ஏற ஏறத் தண்ணீர் கூட வேண்டும் அல்லவா? குறைந்துகொண்டே போனது. கடைசி ஒரு மைல் வெறும் கல். அங்கங்கே குட்டையில் ஓடை மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கலூவாவின் தம்பி தொப்பியில் நாலைந்தை அள்ளிக்கொண்டு நடந்தான். எங்கே கொண்டு போய் விடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

பிறகு சுவர். ஓடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை சிமென்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நம் ஓடை முழுசாக, பச்சையாக, நாம் சின்ன வயதில் குதித்தோமே அதே மாதிரி. அத்தனையும் பக்கத்தில் ஒரு குகை வாய்க்குள் போகிறது. அதன் சத்தம் கேட்டுக்கொண்டே நாங்கள் காய்ந்த கல்லில் நின்றோம். மேலே விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

கரையில் ஒரு தகரக் கொட்டகை, புகை வந்தது. ஒரு ஆள் வெளியே வந்தார். மழைக் கோட்டு, கண் வரை இறக்கிய தொப்பி. "இங்க நிக்கக் கூடாது. கீழ போங்க" என்றார். நம் பாஷையில்தான் சொன்னார்.

பிலிப்போவுக்கு அது போதாதா? "டேய், எங்க பாஷை பேசற! எங்க தண்ணியை அடைச்சு வெச்சுக்கிட்டு எங்களையே போகச் சொல்றியா? நீ எந்த அம்மா வயித்துல பொறந்தவன்டா?" என்று கத்தினான். அந்த ஆள் பதில் பேசவில்லை. இருமினார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நீளமாக இருமினார். பிலிப்போ கல்லை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுக்கா. இவனெல்லாம் மனுஷனா?"

"அவர் வேலைக்காரர்டா. வா, போகலாம்."

கீழே வரும் வழியெல்லாம் பிலிப்போ அந்த ஆளின் தாயைத் திட்டிக்கொண்டே வந்தான். நான் பக்கத்திலேயே நடந்தேன்.

மோக்கேயிடம்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே குளிர் அதிகம் அண்ணா. தகரக் கொட்டகையில் நெஞ்சுச் சளி போகாது. கம்பளிச் சட்டை ஒன்று அனுப்புகிறேன். சாமான் அறை முகவரிக்கே அனுப்புகிறேன்.

லிலினோய்

*

மேல் மதகு
22 ஜூலை 1934

லிலினோய்,

ஏழு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இனி அந்தக் குடியிருப்பு முகவரியைப் போட்டு என்ன ஆகப்போகிறது? சட்டை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாலு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். சாமான் அறையில் இருந்தது முதல் ஆறு மாதம் மட்டும். பிறகு மலை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எந்த ஓடை என்று சொல்லவில்லை. கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்து விட்ட பிறகு பார்த்தேன். அப்போதே இறங்கியிருக்க வேண்டும். எமாலியாவுக்கு அந்த வாரம்தான் முதல்முதலாக இரத்தமாக இருமல் வந்தது. வேலை போனால் வீடு போகும், டாக்டர் போவார். ஒரு மாதம் பார்ப்போம் என்று நினைத்தேன். மாதம் மாதமாகப் பார்த்து நாலு வருஷம்.

காலை ஐந்தரைக்கு டெலிபோன் அடிக்கும். குகைக்குப் போகிற மதகை இத்தனை அங்குலம் திற என்று சொல்வார்கள், இந்த வருஷம்தான் அங்குலம் கூடிக்கொண்டே போகிறது. நான் சக்கரத்தைத் திருப்புவேன். யார் சொல்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலை இல்லாததால் சுவருக்கு மேல் கொஞ்சம் வழியும். வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இது லிலினோய் வயலுக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதனால்தான் கல்லில் எத்தனை விரல் என்று கேட்டேன்.

பிலிப்போ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நீ கல்லைத் தடுத்தாய். எறியட்டும் என்று விட்டிருக்கலாம்.

நான் என்ன செய்யட்டும், சொல். செய்ய முடிந்ததைச் செய்கிறேன்.

ஏனோக்கா

*

ஹொனோலெவா
12 ஆகஸ்ட் 1934

அண்ணா,

அண்ணியைப் பற்றி நீ இவ்வளவு நாளும் சொல்லவில்லையே! நானும் வெறும் இருமல் என்று நினைத்துக் கருவாடு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்திருந்தவன் மடையை நானும்தான் அடைத்தேன். உனக்கு டெலிபோன் சொல்கிறது, எனக்கு வழக்கம் சொன்னது. அடைத்த கை நம் கைதான்.

இப்போது ஐந்து வீடுதான் மிச்சம். ஆனால் ஒரு நல்ல விஷயம், மலைக்குப் போய் வந்த பிறகு சண்டை நின்றுவிட்டது. தண்ணீரை எடுப்பது பக்கத்து வயல்காரன் இல்லை என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பிலிப்போ இப்போது மேல் வயல்காரர்களோடு உட்கார்ந்து களி தின்கிறான். எல்லோரும் சேர்ந்து ஒரு காரியம் தொடங்கப் போகிறோம். என்ன, எங்கே, எப்போது என்று கம்பெனி ஆட்கள் யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அதனால் எழுதவில்லை. தப்பாக நினைக்காதே.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அண்ணியைப் பார்த்துக்கொள்.

லிலினோய்

*

மேல் மதகு
15 செப்டம்பர் 1934, சனி

லிலினோய், என் கண்ணே,

செய்துவிட்டேன்!

சுவருக்கு அடியில் மணல் மதகு என்று ஒன்று இருக்கிறது. மணல் அடைத்தால் கழுவித் தள்ளுவதற்கு. எப்போது கழுவுவது என்று நான்தான் முடிவு செய்யலாம், டெலிபோனில் கேட்க வேண்டியதில்லை. இத்தனை நாள் கால் மணி நேரம் திறந்து மூடுவேன். இன்றைக்கு மேற்பார்வைக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மூன்று நாளாக மேலே நல்ல மழை, சுவர் நிறையத் தண்ணீர். காலை எட்டு மணிக்கு முழுசாகத் திறந்தேன். இரண்டு மணி நேரம் திறந்தே வைத்தேன் லிலினோய்! எப்படிப் போனது தெரியுமா? நாலு வருஷம் கட்டிப் போட்ட குதிரை மாதிரி. நான் சின்னப் பிள்ளை மாதிரி கரையோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

பத்து, பத்தரைக்கு உங்களிடம் வந்திருக்கும். கல்லில் எத்தனை விரல் ஏறியது? பிலிப்போவின் வயல் நனைந்ததா? யாரிடமும் சொல்லாதே. சொல்லாமலே அவன் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது.

கழுதைக்காரர் இன்றே கீழே போகிறார். அவரிடமே கொடுக்கிறேன்.

அண்ணன்

*

ஹொனோலெவா
17 செப்டம்பர் 1934

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்க வேண்டும். முடியவில்லை.

நாங்கள் ரகசியமாக வைத்திருந்த காரியம் இதுதான். ஓடை அடியில் கொஞ்சம் கசிவு இருக்கிறது. அந்தக் கசிவையாவது பிடிப்போம் என்று தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும் பழைய கல் அணைக்கு மேலே, பாறை இடுக்கில், புதிதாக ஒன்று கட்டினோம். மூன்று வாரமாக ஐந்து வீடும், வீட்டைப் பூட்டிப் போனவர்களில் திரும்பி வந்த நாலு பேரும் கல் சுமந்தோம். பிலிப்போவும் மேல் வயல்காரர்களும் ஒரே கம்பில் ஒரே கல்லைத் தூக்கினார்கள். நடுவில் ஒரு ஆள் அகலம்தான் மூட வேண்டியிருந்தது. சனிக்கிழமை முடித்துவிடலாம் என்று பதினோரு பேரும் ஓடைக்குள் நின்றோம்.

பத்து மணி தாண்டியிருக்கும். கலூவா தலையைத் தூக்கி, "என்ன சத்தம்?" என்றாள். வானம் சுத்தமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பழுப்பாக வந்தது. மரக்கட்டை, மணல், கல் எல்லாம் சேர்ந்து. ஏறு, ஏறு என்று கத்தினோம். பத்து பேர் கரையேறிவிட்டோம். ஆ லூன் இடுக்கில் கடைசிக் கல்லைப் பொருத்திக்கொண்டிருந்தார். அணை அவர் மேலேயே சரிந்தது. பிலிப்போ குதித்து இழுத்துப் போட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. நேற்று படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காலை எடுக்க வேண்டும் என்கிறார்களாம்.

புது அணை போய்விட்டது. பழைய அணையும் வாய்க்கால் தலைப்பும் அறுத்துக்கொண்டு போய்விட்டன. இரண்டு மணி நேரம் அத்தனை தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே கடலுக்குப் போனது. ஒரு வயலுக்கும் ஏறவில்லை. ஏற வாய்க்கால் இல்லை.

பிலிப்போ ஈரத்தோடு நின்று, "மழை இல்லாம வெள்ளமாக்கா?" என்று கேட்டான். என்னைப் பார்த்து ஏன் கேட்டான் என்று தெரியவில்லை.

ஒட்டுவதற்கு முன்னால் உன் கடிதம் வந்துவிட்டது. படித்தேன்.

நான் நாளையும் இடத்தையும் எழுதியிருந்தால் நீ திறந்திருக்க மாட்டாய். நீ திறக்கப் போவதாக ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் கரையில் நின்றிருப்போம். இரண்டு நாளாக இதையே நினைக்கிறேன் என்று எழுத வந்தேன். இல்லை, படித்து அரை மணி நேரம்தான் ஆகிறது. இரண்டு நாள் மாதிரி இருக்கிறது.

லிலினோய்

*

ஐந்தாம் எண் குடியிருப்பு
21 அக்டோபர் 1934

தங்கச்சி,

ஆ லூனைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கால் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மலையில் கொட்டகை வாசலில் நின்ற ஆள் நான்தான் என்று சொன்னேன். நான்தான் திறந்தேன் என்றும் சொன்னேன். கூரையைப் பார்த்தார். பிறகு, "நல்லதுக்குத்தானே திறந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, போ" என்றார். அந்தச் சரி எந்தச் சரி என்று எனக்குப் புரியவில்லை.

கீழே கரும்புக்குப் போகிற தண்ணீர் அன்றைக்குக் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலை போய்விட்டது. மதகுக்கு வேறு தீவிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல பையன். நம் ஓடையில் அவனுக்கு யாரையும் தெரியாது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எமாலியாவால் மாடிப்படிகூட ஏற முடியவில்லை. லாஹெலா எங்கே போகிறோம் என்று கேட்கிறாள்.

கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நாங்கள் அங்கே வரலாமா? அப்பா வயலில் ஒரு மூலை போதும். முடியாது என்றால் முடியாது என்று எழுது. புரிந்துகொள்வேன்.

ஏனோக்கா

*

ஹொனோலெவா
28 அக்டோபர் 1934

அண்ணாவுக்கு அலோஹா.

அண்ணியை உட்காரவைத்தே கொண்டு வா, நடக்க விடாதே. மோக்கே பின்னறையைச் சுத்தம் செய்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் எனக்கு உரிமை. வயலுக்கு வா என்று நான் மட்டும் சொல்ல முடியாது. ஒரு புது வீடு வந்தால் தண்ணீரில் ஒரு புது முறை வர வேண்டும். அதனால் இன்றைக்குக் கோயில் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். மலையில் பார்த்த ஆள் யார் என்று சொன்னேன். வெள்ளத்தை யார் திறந்தார், ஏன் திறந்தார் என்றும் சொன்னேன். நான் ஜூன் மாதத்திலிருந்தே தெரிந்து வைத்திருந்ததையும் சொன்னேன்.

கலூவா அழுதாள். மோக்கே எழுந்து தனியாகப் போய் நின்றார், என்மேல் அவருக்குக் கோபம். ஆ லூன் வந்திருந்தார், இரண்டு கம்பு ஊன்றிக்கொண்டு. "முறை குடுங்க, குடுங்க. இப்பத்தான் வாய்க்கால்ல ஒண்ணுமில்லையே, பங்கு போடறது சுலபம்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உண்மையில் ஒன்றுமில்லை அண்ணா. உடைந்த தலைப்பைக் கல்லும் தாழை ஓலையும் வைத்து அடைத்திருக்கிறோம். ஒரு மரவையில் மொண்டு ஊற்றுகிற அளவுதான் வருகிறது. அது ஒரு வயலுக்குக்கூடக் காணாது. மனுவுக்குப் பதில் வரவில்லை. மேலே அந்தப் பையன் இப்போது மணல் மதகுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறானாம். ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமை வாய்க்காலைத் தூர் வாருகிறோம். எதற்கு என்று கேட்கிறாயா? வாராமல் விட்டால் ஒரே மாதத்தில் புல் மூடிவிடும். பிறகு இங்கே வாய்க்கால் இருந்தது என்று சொல்லக்கூட ஒன்றும் இருக்காது.

கூட்டத்தில் கடைசியாக எல்லோரும் பிலிப்போவைப் பார்த்தார்கள். அவன் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"வேலைக்கு வந்தா முறை உண்டு. வரலேன்னா கிடையாது. அதானே வழக்கம்? வரச் சொல்லு. நான் அவர்கூடப் பேச மாட்டேன்."

அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குவோம். மண்வெட்டி நீயே கொண்டு வா. இங்கே உனக்கு இரவல் கொடுக்க இப்போதைக்கு யாருக்கும் மனசு வராது.

லிலினோய்